தனியாக பைக், ஒரு டென்ட், எந்த மலை? ஜவ்வாது, கொல்லி, மன்னவனூர், வால்பாறை ஒப்பீடு

பைக்கில் தனியாகப் போய் மலையில் டென்ட் போட்டுத் தங்க நினைக்கிறவர்களில் பலர் ரோட்டைப் பார்த்துத்தான் மலையை முடிவு செய்கிறார்கள். எத்தனை கொண்டை ஊசி வளைவு, போட்டோ எடுக்க வியூ எப்படி, ரோடு புதுசா பழசா என்று கேட்பார்கள். அதெல்லாம் பகலில் நாலு மணி நேரம் ஓட்டுவதற்கான கேள்வி. இரவு பன்னிரண்டு மணி நேரம் அதே மலையில் நீங்கள் ஒற்றை ஆளாக இருக்கப் போகிறீர்கள். அதனால் முதலில் கேட்க வேண்டியது, இருட்டிய பிறகு எங்கே படுப்பேன், அந்த நிலம் யாருடையது என்பதுதான். இதற்குப் பதில் கிடைத்த மலைகளை மட்டும் வைத்துக்கொண்டு அப்புறம் ரோட்டையும் வியூவையும் ஒப்பிடலாம். இந்தக் கட்டுரையில் நான்கு மலைகளை அப்படித்தான் பார்க்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி மலைகள் இங்கேயே கழிந்துவிடும். காப்புக்காடு என்று பலகை இருக்கும் இடத்தில் அனுமதி இல்லாமல் நுழைவதே தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம், தீ மூட்டுவதும் குற்றம். புலிகள் காப்பகமாக இருந்தால் 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ரோட்டோரம் கொஞ்சம் புல்வெளி, ஆள் நடமாட்டம் இல்லை, இங்கே போட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றுகிற இடம் பெரும்பாலும் காப்புக்காடாகத்தான் இருக்கும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுக்குள் போவதற்கான விதிகள் இறுகிவிட்டன. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். அது நடந்தது ஒரு தனியார் ரிசார்ட்டின் இடத்தில், கூட ஆட்கள் இருந்தார்கள். தனியாகப் போகிறவர் இந்த இரண்டையும் மனதில் வைத்தே மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படியென்றால் மிச்சம் இருப்பது பட்டா நிலம். விவசாயியின் களம், வீட்டை ஒட்டிய காலி இடம், தோட்டத்து ஓரம், இல்லையென்றால் முறையாக அனுமதி வாங்கி நடத்துகிற தங்கும் விடுதியின் வளாகம். எந்த மலையில் ஊர்களும் பட்டா நிலமும் அதிகம், யானை குறைவு, நிலத்துக்காரரிடம் நேராகப் பேச முடியும் என்று தேடினால் கிழக்குத் தொடர்ச்சி மலைதான், அதாவது ஜவ்வாதும் கொல்லியும்தான், முன்னால் வந்து நிற்கிறது.

வால்பாறையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் ஆசை அங்கேதான். ஆழியாறில் தொடங்கி 40 கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவது வளைவில் நின்றால் கீழே ஆழியாறு அணை முழுதும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் அந்தப் பாறைச் சரிவிலேயே வரையாடு நிற்கும். ஓட்டுவதற்கு தமிழ்நாட்டில் இதைவிட நல்ல மலைப்பாதை ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் டென்ட்டுக்கு? வேண்டாம். வால்பாறை என்பது ஆனைமலை புலிகள் காப்பகம் சுற்றி வளைத்து நிற்கும் ஒரு தேயிலை மேடு. நிலம் எஸ்டேட் கம்பெனிகளுடையது அல்லது வனத்துறையுடையது, நீங்கள் போய் அனுமதி கேட்க ஒரு விவசாயி அங்கே கிடைப்பது கடினம். யானைக் கூட்டம் தேயிலைக்கு நடுவே மிச்சம் இருக்கும் சோலைத் துண்டுகளுக்கு இடையில் போய்வந்துகொண்டே இருக்கும். உள்ளூர் மக்களுக்கே யானை எங்கே நிற்கிறது என்று எஸ்எம்எஸ்ஸிலும் ரோட்டோரச் சிவப்பு விளக்கிலும் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களுக்கே அந்த விளக்கு தேவைப்படும் ஊரில், வெளியூர்க்காரர் ஒருவர் துணிக்கூரைக்குக் கீழே படுப்பதில் எந்த நியாயமும் இல்லை. சிறுத்தை, கரடி வேறு. வால்பாறைக்குப் போங்கள், கட்டாயம் போங்கள், ஆனால் ஊருக்குள் அறை எடுத்துத் தங்குங்கள். இருட்டுவதற்குள் செக்போஸ்ட் தாண்டிவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.

நீலகிரியும் ஏறக்குறைய இதே கதைதான். மஞ்சூர், கெத்தை பக்கம் 43 வளைவு உள்ள பாதை மனதை அள்ளும், ஆனால் அது யானை நடமாடும் பாதை. மசினகுடி முதுமலைக்குள் வரும், அங்கே டென்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மன்னவனூர் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை வழியாக சுமார் 35 கிலோமீட்டர், மேல்மலைக் கிராமங்கள் என்று சொல்லும் பகுதி. பூம்பாறையில் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களை மேலிருந்து பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் மேலே போவார்கள். அந்தக் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாண்டிப் போனால் கூக்கல் ஏரி, மன்னவனூர் ஏரி, மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்துப் புல்வெளி. ரோட்டில் கூட்டம் கொடைக்கானலோடு நின்றுவிடும், மேல்மலையில் வார நாட்களில் ஓட்டுவது சுகமான விஷயம். பட்டா நிலம் இருக்கிறது, விவசாயிகள் இருக்கிறார்கள். அப்படி இருந்தும் முதல் பயணத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

ஒன்று, குளிர். கடல் மட்டத்தில் இருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் சராசரியாக 6.5 டிகிரி குறையும். மன்னவனூர்ப் பக்கம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கீழே பழனியில் இருக்கும் வெப்பத்தில் சுமார் பத்து டிகிரியைக் கழித்துவிட வேண்டும், டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும் இரவில் பள்ளமான புல்வெளியில் உறைபனியே விழும். சாதாரண டென்ட், சாதாரண ஸ்லீப்பிங் பேக் வைத்துக்கொண்டு அங்கே தூங்க முடியாது, விடியும்வரை விழித்துக் கிடக்கலாம். இரண்டு, காட்டு மாடு. கொடைக்கானல் தெருவுக்குள்ளேயே நடந்து போகிற அளவுக்குப் பழகிவிட்ட மிருகம் என்று நினைத்துப் பக்கத்தில் போகிறார்கள், ஒரு டன் எடை அது, இருட்டில் உங்கள் டென்ட் கயிற்றில் கால் சிக்கினால் அது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. மூன்று, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்துவிட்டது, கிளம்பும் முன் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். நான்கு, கொடைக்கானல் பகுதியில் அனுமதி இல்லாத டென்ட் தொழில் பெருகி அதிகாரிகள் அதன் மேல் நடவடிக்கை எடுத்து வருகிறார்கள். ஒரு விவசாயி மனதார இடம் கொடுத்தாலும் அவருக்குத் தொல்லை வரக்கூடாதே. அதனால் மன்னவனூருக்கு இரண்டாவது, மூன்றாவது பயணத்தில், முறையான விடுதியைப் போனில் பேசி உறுதி செய்துகொண்டு போவது நல்லது.

சரி, மிச்சம் ஜவ்வாதும் கொல்லியும். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

கொல்லிமலை ஓட்டுகிறவர்களின் மலை. நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக காரவள்ளி அடிவாரம், அங்கே தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருப்பார்கள். மேலே சோளக்காடு, செம்மேடு, அரப்பளீஸ்வரர் கோவில், அதற்குக் கீழே ஆயிரம் படிக்கு மேல் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. மலைமேல் இருப்பது ஒரே சிகரம் கிடையாது, 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்த மேட்டுநிலம், அதில் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள், மிளகு, காபி, பலா, வாழை, சாமை, தினை. யானை இந்த மலையில் கிடையாது. தனியாகப் படுக்கிறவருக்கு இந்த ஒரு விஷயமே பாதி பயத்தைக் குறைத்துவிடும். கரடி உண்டு, பலாப்பழக் காலத்தில் பலா மரத்தடியில் டென்ட் போடாமல் இருந்தால் போதும்.

கொல்லியில் எனக்கு இருக்கும் தயக்கம் அந்த எழுபது வளைவுதான். ஏறும்போது பிரச்சினை இல்லை. லக்கேஜ் கட்டிய வண்டியில் இறங்கும்போது பிரேக்கையே நம்பி வந்தால் முப்பதாவது வளைவுக்குள் பிரேக் சூடாகிப் பிடி குறையும். இரண்டாவது கியரில், வளைவில் முதல் கியரில், இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி இறங்க வேண்டும், எக்காரணம் கொண்டும் நியூட்ரலில் விடக்கூடாது, ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும். அரசு பஸ் வளைவில் திரும்பும்போது ரோடு முழுக்க அதற்கே தேவைப்படும், ஹாரன் சத்தம் கேட்டாலே ஓரம் கட்டிவிடுங்கள். இது பழகிய கைக்குச் சாதாரணம். மலைப்பாதையே புதிது, கூடவே பின்னால் பதினைந்து கிலோ மூட்டை என்றால் கொல்லி முதல் மலையாக இருக்க வேண்டியதில்லை. ஆடி பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், அப்போது மலை முழுக்கக் கூட்டம், திருவிழா பார்க்கப் போகலாம், டென்ட் எண்ணத்தோடு வேண்டாம்.

ஜவ்வாது மலையில் இந்தக் கஷ்டம் இல்லை. போளூரில் இருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோமீட்டர். வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கமிருந்து காவலூர் வழியாகவும் ஏறலாம், செங்கம் பக்கமிருந்தும் வரலாம். அதாவது ஒரு வழியில் ஏறி இன்னொரு வழியில் இறங்கலாம், போன ரோட்டிலேயே திரும்ப வேண்டாம், எனக்கு இது பெரிய விஷயம். வளைவுகள் இருக்கும், ஆனால் கொல்லி அளவுக்குச் செங்குத்து இல்லை. உயரம் ஜமுனாமரத்தூர், காவலூர்ப் பக்கம் 700, 800 மீட்டர்தான், அதனால் குளிர் தாங்கும்படி இருக்கும், மார்கழியில்கூட நல்ல போர்வையும் தரையில் விரிக்க ஒரு ஸ்லீப்பிங் மேட்டும் இருந்தால் தூங்கிவிடலாம். பீமன் அருவி, கோமுட்டேரி, சாமை வயல், மலைத்தேன்.

இரவு வானம் என்று வந்தால் மற்ற மூன்று மலைகளும் ஜவ்வாதுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்பேன். இது வெறும் ஆசைப் பேச்சு இல்லை. வானியலாளர் வைணு பாப்பு ஊர் ஊராக இருட்டும் தெளிந்த வானமும் தேடித்தான் 1960-களில் வானாய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1972-ல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்றும் அங்கேதான் இருக்கிறது. அமாவாசையை ஒட்டிய வார நாளில் போய், டென்ட்டுக்கு வெளியே ஸ்லீப்பிங் மேட்டை விரித்துப் படுத்துப் பாருங்கள். ஊர் வெளிச்சத்திலேயே வளர்ந்த நமக்கு வானத்தில் இத்தனை இருக்கிறதா என்று தோன்றும். ஒரு வேண்டுகோள், ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஹெட்லைட்டையும் பெரிய டார்ச்சையும் அடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அவர்கள் வேலையே இருட்டை நம்பித்தான்.

குறையும் சொல்ல வேண்டும். ஜவ்வாதில் காப்புக்காடு அதிகம், ஊர்கள் அதற்கு நடுவே தள்ளித் தள்ளி இருக்கும். எந்தத் துண்டு பட்டா, எது காடு என்று வெளியாளுக்குத் தெரியாது, கேட்டே ஆக வேண்டும். யானை நிரந்தரமாக இல்லை என்றாலும் அபூர்வமாக வழி மாறி வந்ததுண்டு, கரடியும் உண்டு. பிஎஸ்என்எல் தவிர மற்ற சிக்னல்கள் பல இடத்தில் காணாமல் போகும்.

இடம் கேட்பது எப்படி என்பதை விரிவாகச் சொல்கிறேன், இரண்டு மலைக்கும் இது பொருந்தும். மதியம் மூன்று மணிக்கு ஊருக்குள் இருங்கள், இருட்டிய பிறகு யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும் அவர்களுக்குப் பயம்தான் வரும். டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஊர்க்கவுண்டரைப் பார்த்துச் சொல்லிவிடுவது மரியாதை, அப்புறம் நிலத்துக்காரரிடம், “அண்ணே, ராத்திரி மட்டும் இந்தக் களத்துல டென்ட் போட்டுக்கலாமா, தீ மூட்ட மாட்டேன், காலையில கிளம்பிடுவேன்” என்று நேராகக் கேளுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். ஆதார் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள், முன்பின் தெரியாத ஆளை நிலத்தில் படுக்க விடுகிறவர் அவர். மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஊர், இரண்டு இடத்தில் மறுத்துவிட்டால் அன்றைக்கு அறை. அறைக்கான பணம் தனியாகக் கையில் இருக்க வேண்டும், கட்டாயம். கிளம்பும்போது பணம் கொடுத்தால் சிலர் வாங்க மாட்டார்கள், அவர்களிடம் மிளகோ தேனோ சாமையோ விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

பெண்கள் தனியாகப் போவதானால் களத்தைவிட வீட்டு வாசலை ஒட்டிய இடம் நல்லது, அந்த வீட்டு அம்மாவிடம் பேசி, அவர்கள் சரி என்ற பிறகே டென்ட்டை இறக்குங்கள்.

டென்ட்டா ஹேமக்கா (மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கை) என்று கேட்பவர்களுக்கு: கொல்லியில் மரத்துக்குப் பஞ்சமில்லை, சில்வர் ஓக் வரிசையாக நிற்கும், ஆனால் அதில் பெரும்பாலானவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் மேல் கயிறு கட்டினால் ஒரு குடும்பத்தின் வருமானத்தை நசுக்குகிறீர்கள். டென்ட்தான். அதிலும் ஆணி அடிக்காமலே தானாக நிற்கும் வகை வேண்டும், ஏனென்றால் களத்துத் தரை சாணி மெழுகி இறுகிக் கிடக்கும், பெக் இறங்காது, இறக்கவும் கூடாது. சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்பு போதும், டென்ட்டுக்குள் பற்ற வைக்கக்கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மன்னவனூர்க் குளிரில் பியூட்டேன் கேன் காலையில் சோர்ந்துவிடும், பூஜ்ஜியத்துக்கு அருகில் அது வாயுவாகவே மாறாது. ஜவ்வாதிலும் கொல்லியிலும் அந்தக் கவலை இல்லை.

பைக் விஷயத்தில் நான் பலரோடு ஒத்துப்போவதில்லை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் இல்லாமல் மலைப் பயணமா என்கிறார்கள். நல்ல வண்டிதான், ஆனால் 411 சிசி மாடலே 199 கிலோ, மேலே மூட்டை, ஈரக் களிமண் பாதையில் சாய்ந்துவிட்டால் தூக்கிவிடக் கூட ஆள் கிடையாது. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ சொச்சம், எந்த ஊர் மெக்கானிக்கும் பார்ப்பார், உதிரிபாகம் பெட்டிக்கடை பக்கத்திலேயே கிடைக்கும், மெதுவாக முதல் இரண்டு கியரில் எழுபது வளைவையும் ஏறிவிடும். கடைசி அரை கிலோமீட்டர் மண் ரோட்டுக்கு எடை குறைவான வண்டிதான் தனியாளுக்குத் தோழன். உங்களிடம் இருக்கும் வண்டியிலேயே போங்கள், டயரும் பிரேக்கும் செயினும் சரியாக இருந்தால் போதும். ட்யூப் டயர் என்றால் மட்டும் ஒரு மாற்று ட்யூபும், அதைக் கழற்றி மாட்டும் பழக்கமும் வேண்டும். பெட்ரோலை அடிவாரத்திலேயே முழுதாக நிரப்பிவிடுங்கள்.

எந்த மாதம் என்பதும் முடிவை மாற்றும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வால்பாறையையும் நீலகிரியின் மேற்குப் பக்கத்தையும் அடித்துத் துவைக்கும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அதே மாதங்களில் ஜவ்வாதிலும் கொல்லியிலும் மாலையில் இடியோடு ஒரு மழை வந்து போகும், காலை தெளிவாக இருக்கும், போகலாம், ஆனால் ஓடைக் கரையில் படுக்காதீர்கள். அக்டோபர் பாதியில் இருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை, நான்கு மலைக்கும் வேண்டாம். மார்ச் முதல் மே வரை புல் காய்ந்து காட்டுத்தீ காலம், அடுப்பைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டு அவலும் வாழைப்பழமும் கொண்டு போங்கள், ஊர் டீக்கடை இருக்கிறது. பொங்கல் முடிந்ததில் இருந்து பிப்ரவரி கடைசி வரைதான் எனக்குப் பிடித்த காலம்.

ஆக, சென்னை, வேலூர்ப் பக்கத்தில் இருந்து முதல் முறையாகத் தனியாகக் கிளம்புகிறவர் ஜவ்வாதுக்குப் போகட்டும், போளூர் வழி ஏறி ஆலங்காயம் வழி இறங்கட்டும். சேலம், திருச்சி, ஈரோட்டுக்காரர், ஏற்காடு மாதிரி ஒரு மலையை ஏற்கெனவே நாலைந்து முறை ஏறி இறங்கியவர் என்றால் நேராகக் கொல்லிக்கே போகலாம். கோவைக்காரர்களுக்கு வால்பாறை கைக்கெட்டும் தூரம் என்பதால் ஆசை விடாது, தெரியும். டென்ட்டை வீட்டில் வைத்துவிட்டு அங்கே போங்கள், டென்ட் ஆசைக்கு ஒரு மூன்று நாள் ஒதுக்கிக் கொல்லிக்கு வாருங்கள்.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் மட்டும், எந்த ஊர், எந்த வழி, மறுநாள் எத்தனை மணிக்குள் போன் வரும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். இடம் முடிவானதும், சிக்னல் இருக்கும் இடத்துக்கு வண்டியை எடுத்துப் போயாவது, நிலத்துக்காரர் பெயரையும் அவர் போன் நம்பரையும் அதே ஆளுக்கு அனுப்பிவிட்டு வந்து டென்ட்டை விரியுங்கள்.